சர்வரை அணைத்தால் ஊர் எங்கே போகும்?

கோடிகளைக் கொட்டியும் ஆள் சேராத கேம்கள் ஒரு பக்கம். லட்சக்கணக்கில் ஆள் சேர்ந்த பிறகும் இழுத்து மூடப்படும் கேம்கள் இன்னொரு பக்கம். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இதில் என்ன உரிமை? கேமர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

'கான்கார்ட்' என்று ஒரு கேம் வந்தது. விளையாடியிருக்கிறீர்களா? இல்லை என்றுதான் சொல்வீர்கள். அது வந்தது யாருக்கும் தெரியாது, போனதுதான் உலகத்துக்கே தெரிந்தது. 2024 ஆகஸ்ட் 23-ம் தேதி சோனி அதை வெளியிட்டது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் நின்று சுட்டுக்கொள்ளும் ஆன்லைன் கேம். விலை 40 டாலர். எட்டு வருட உழைப்பு என்று அதில் வேலை பார்த்த ஒருவரே எழுதியிருந்தார். கிராஃபிக்ஸில் குறை சொல்ல முடியாது. சுடுவது கைக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று திட்டியவர்கள்கூட ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பர் 6-ம் தேதி சர்வரை அணைத்துவிட்டார்கள். இரண்டே வாரம். வாங்கியவர்களுக்கெல்லாம் பணம் திரும்பி வந்தது. அடுத்த மாதமே அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோவும் மூடப்பட்டது.

கம்ப்யூட்டர் கேம்களின் பெரிய கடையான ஸ்டீமில், ஒரே நேரத்தில் அதை அதிகபட்சமாக விளையாடியவர்கள் 697 பேர். நம் ஊரில் ஒரு சுமாரான கல்யாணத்துக்கே இதைவிடக் கூட்டம் வரும்.

ஒரு வருடம் கழித்து, 2025 செப்டம்பர் 4. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் நடத்தும் 'டீம் செர்ரி' தன் இரண்டாவது கேமை வெளியிட்டது. பெயர் 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. முப்பரிமாணம் கிடையாது, எல்லாமே கையால் வரைந்த படங்கள். கதாநாயகி ஒரு பூச்சி, வில்லன்களும் பூச்சிகள். விலை 20 டாலர். விமர்சகர்களுக்குக்கூட முன்கூட்டியே கொடுக்கவில்லை. விற்பனை தொடங்கிய நிமிடமே ஸ்டீம் கடை படுத்துவிட்டது. நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கடைகளும் திணறின. அன்றைக்கே ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தார்கள்.

இந்தக் கூட்டம் அன்று காலையில் திடீரென்று கூடியதல்ல. சில்க்சாங் வரப்போகிறது என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பிறகு வருடக்கணக்கில் பேச்சு மூச்சில்லை. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் யூடியூபில் தினமும் ஒரு வீடியோ போட்டார். 'இன்றும் செய்தி எதுவும் இல்லை' என்பதுதான் அதன் சாரம். நின்டெண்டோ ஏதாவது நிகழ்ச்சி நடத்தும்போதெல்லாம் 'இந்த முறை நிச்சயம்' என்று நம்பி, ஏமாந்த பிறகு தங்களையே கோமாளி வேஷத்தில் வரைந்துகொண்டார்கள். 2025 ஜனவரியில் உச்சகட்டம். கேமை உருவாக்கியவர்களில் ஒருவர் தன் புரொஃபைல் படத்தை ஒரு சாக்லேட் கேக்காக மாற்றினார். அவ்வளவுதான். அந்தக் கேக் படம் எந்தச் சமையல் குறிப்பில் வந்தது, அந்தக் குறிப்பு எந்தத் தேதியில் வெளியானது என்று தோண்டி, ஏப்ரல் 2 என்று கண்டுபிடித்தார்கள். அதே தேதியில் நின்டெண்டோ தன் புதிய கருவிக்கான நிகழ்ச்சியை வைத்திருந்தது. 'அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, அது வெறும் கேக்' என்கிற மாதிரி கம்பெனித் தரப்பு மறுத்தது. ஏப்ரல் 2 வந்தது. நிகழ்ச்சியில் சில விநாடிகள் சில்க்சாங்கும் வந்துவிட்டது! அன்றைக்கு இணையத்தில் நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்திருந்தால், கேம் வெளிவருவதே இவர்களுக்கு இரண்டாம்பட்சமோ என்று தோன்றியிருக்கும்.

பள்ளி நாட்களிலிருந்து கேமே கதி என்று கிடக்கிற எனக்கு இந்த இரண்டு கதைகளும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. கிராஃபிக்ஸை வாங்கலாம், விளம்பரத்தை வாங்கலாம், ஹாலிவுட் நடிகரின் குரலைக்கூட வாங்கலாம். ஒரு கேமைச் சுற்றி ஊர் மாதிரி கூடி உட்காருகிறவர்களை மட்டும் எந்தக் கம்பெனியாலும் செய்து வைக்க முடியாது. அவர்களாக வர வேண்டும். ஆனால் வந்த பிறகு அந்த ஊரின் சாவி, மின்சாரம், தண்ணீர் எல்லாம் கம்பெனியின் கையில். எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். இந்தக் கோணல்தான் இன்றைய கேம் உலகின் பெரிய சண்டை.

பப்ஜியை யார் பெற்றது?

ஊர் வெறும் வாடிக்கையாளர் கூட்டம் என்று கம்பெனிகள் நினைத்தால், வரலாறு தெரியவில்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டில் டீக்கடை முதல் காலேஜ் ஹாஸ்டல் வரை ஆடிய பப்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர் தொடங்கும்போது எந்த கேம் கம்பெனியிலும் வேலை பார்த்தவரல்ல. 'ஆர்மா 2' என்ற ராணுவ கேமுக்கு 'டே ஸீ' என்று ஒரு ஜாம்பி மோட் இருந்தது. மோட் என்றால், வந்த கேமை ரசிகர்களே பிரித்து மாற்றிக் கட்டுவது. அந்த மோட்டையும் மாற்றி, 'கடைசி வரை உயிரோடு இருப்பவன் ஜெயித்தான்' என்ற ஆட்டத்தை கிரீன் உருவாக்கினார். அது தனி கேமாக 2017-ல் வந்ததுதான் பப்ஜி.

'கவுன்டர்-ஸ்ட்ரைக்' கதையும் இதேதான். 1999-ல் 'ஹாஃப்-லைஃப்' கேமின் மேல் இரண்டு இளைஞர்கள் கட்டிய மோட் அது. ப்ரௌசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து நாம் சுட்டுக்கொண்டது அதைத்தான். 'டோட்டா' பிறந்ததும் 'வார்கிராஃப்ட் 3'-க்கு ரசிகர்கள் வரைந்த ஒரு மேப்பில்தான். இன்று கோடிக்கணக்கான டாலர் பரிசோடு நடக்கும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கு இப்படிச் சம்பளமில்லாமல் உழைத்தவர்கள்தான் அஸ்திவாரம் போட்டார்கள்.

2025-ல் எல்லாப் பரிசுகளையும் அள்ளிய 'கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'-ம் விதிவிலக்கல்ல. பிரான்ஸின் மான்ட்பெலியே நகரத்து ஸாண்ட்ஃபால் ஸ்டுடியோவின் முதல் கேம் அது. அதன் இயக்குநர் கியோம் ப்ரோஷ், யூபிசாஃப்ட் கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர். தன் சோதனை முயற்சிக்குக் குரல் கொடுக்க ஆள் வேண்டும் என்று ரெடிட்டில் போட்டார். குரல் கொடுக்க வந்த ஜெனிஃபர் ஸ்வெட்பெர்க்-யென் கடைசியில் கதாசிரியரே ஆகிவிட்டார். இசையமைப்பாளர் லோரியன் டெஸ்டார்டையும் இணையத்தில் கிடந்த அவருடைய பாட்டைக் கேட்டுத்தான் பிடித்தார். அந்த வருடத்தின் சிறந்த கேம் விருது உட்பட 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில் ஒன்பது விருதுகள். எனக்கு அதன் சண்டை முறை கொஞ்சம் அலுப்பு தட்டியது, கதை அசத்திவிட்டது. அது என் ரசனை, விடுங்கள். பெரிய கம்பெனியின் ஆள்தேர்வு மேசையில் சந்தித்திருக்கவே முடியாதவர்கள் இணையத் திண்ணையில் சந்தித்ததால் வந்த கேம் அது.

சில சமயம் இந்தத் திண்ணையைக் கம்பெனி முதலில் விரட்டும், பிறகு வாங்கிப்போடும். 'ஜிடிஏ 5'-ஐ மாற்றி, ஆளாளுக்குத் தனி சர்வர் நடத்த வழிசெய்த 'ஃபைவ்எம்' என்ற மோட்டை உருவாக்கியவர்களின் கணக்குகளை, ஜிடிஏவின் கம்பெனியான ராக்ஸ்டார் 2015-ல் முடக்கியது. 2023-ல் அதே ராக்ஸ்டார் அந்தக் குழுவையே விலைக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடும் ரோல்பிளே சர்வர்கள் உலகம் முழுக்க முளைத்தன. தமிழிலும் உண்டு. யூடியூப் நேரலையில் பாருங்கள்: அமெரிக்க நகரம், அமெரிக்க கார், ஆனால் வண்டியை ஓரங்கட்டும் கான்ஸ்டபிள் பேசுவது சுத்தமான மதுரைத் தமிழ். மெக்கானிக் வேஷம் போட்டவர் ஸ்பேர் பார்ட்ஸ் விலையை ஏற்றிச் சொல்கிறார். வண்டிக்காரர் பேரம் பேசுகிறார். ஒரு தோட்டாகூட வெடிக்காமல் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. ஜிடிஏவை எழுதியவர்கள் இதைக் கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 'ஜிடிஏ 6' இரண்டு முறை தள்ளிப்போய், 2026 நவம்பர் 19 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதன் கதையைவிட, அதில் இந்த ரோல்பிளே ஊர்களுக்கு இடம் விடுவார்களா என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

ஐபெலின்

'முகம் தெரியாதவனோடு விளையாடி என்னத்தைக் கண்டாய்?' என்று கேட்காத வீடு கிடையாது. இந்தக் கேள்விக்கு நான் வாதம் செய்வதை விட்டுவிட்டேன். 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் ஐபெலின்' என்ற ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது.

நார்வேயின் மாட்ஸ் ஸ்டீனுக்குப் பிறவியிலேயே டுஷேன் தசைச்சிதைவு நோய். சிறுவயதிலேயே சக்கர நாற்காலி. வளர வளர, விரல்களைத் தவிர எதுவும் பெரிதாக அசையாத நிலை. 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து, நண்பன் என்று ஒருவனும் இல்லாமல், காதலும் தெரியாமல் மகன் போய்விட்டானே என்பதுதான் பெற்றோரின் துக்கம். மகன் எழுதிவந்த வலைப்பதிவின் பாஸ்வேர்டு அவர்களிடம் இருந்தது. அதில் மரணச் செய்தியைப் போட்டு, ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அப்பா கொடுத்தார். யாராவது படிப்பார்களா என்பதே சந்தேகம்.

அஞ்சல் வந்தது. ஒன்றல்ல, வந்துகொண்டே இருந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து, முன்பின் தெரியாதவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமில் மாட்ஸின் பெயர் ஐபெலின் ரெட்மோர். தோள் அகன்ற, வாட்டசாட்டமான துப்பறிவாளர். 'ஸ்டார்லைட்' என்ற கில்டில் வருடக்கணக்காக உறுப்பினர். கில்ட் என்றால் சேர்ந்து விளையாடும் குழு. உள்ளே வந்ததும் முதல் வேலையாக அந்த உலகத்தில் அரை மணி நேரம் ஓடுவாராம். சண்டைக்காக இல்லை, சும்மா ஓட்டம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஓட்டம் என்னவாக இருந்திருக்கும் என்று தனியாக எழுதத் தேவையில்லை.

நெதர்லாந்தில் ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் குறைந்ததால் வீட்டில் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவுக்கே மாட்ஸ் ஒரு கடிதம் எழுதினார், பெரிய மனிதர் தோரணையில். டென்மார்க்கில் ஓர் அம்மாவுக்கு, வெளியே போகவே மறுக்கும் ஆட்டிசம் உள்ள மகனோடு ஒட்டவே முடியவில்லை. கேமுக்குள் அவனோடு சேர்ந்து விளையாடுங்கள் என்று யோசனை சொன்னதும் மாட்ஸ்தான். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக முடியாதவர் இரண்டு குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

படம் அவரைப் புனிதர் ஆக்கவில்லை. அதுதான் அதன் நேர்மை. தன் நோயைக் கில்டில் வருடக்கணக்காக மறைத்தார். ஒரே நேரத்தில் பலரிடம் சரசமாகப் பேசி மனதைப் புண்படுத்தினார், அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். எந்த ஊரிலும் இளைஞர்கள் செய்கிற தப்புகள்தான். இறுதிச் சடங்குக்கு அந்த ஊர்க்காரர்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து வந்து நின்றார்கள், கில்டின் கொடியோடு.

இதெல்லாம் எப்படி வெளியே தெரிந்தது? ஸ்டார்லைட் கில்டின் உறுப்பினர்கள், கேமுக்குள் பேசியதையெல்லாம் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குத் தாங்களே சேமித்து வைத்திருந்தார்கள். அந்த உரையாடல்களை வைத்துத்தான் இயக்குநர் பெஞ்சமின் ரீ, ஐபெலினின் வாழ்க்கையை மறுபடி கட்டினார். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஐபெலினின் வாழ்க்கை நமக்கு இவ்வளவு தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியா, ஆயுதமா?

சமீபத்திய கேம்களில் ஊர் கூடித் தேர் இழுப்பதை அச்சு அசலாகக் காட்டியது 'ஹெல்டைவர்ஸ் 2'. ஸ்வீடனின் ஆரோஹெட் உருவாக்க, சோனி 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. பூச்சிகளையும் ரோபோக்களையும் எதிர்த்து மனித குலம் நடத்தும் போர். விசேஷம் என்னவென்றால், விளையாடும் அத்தனை பேருக்கும் ஒரே வரைபடம். இங்கே நீங்கள் ஜெயித்தால் பிரேசிலில் ஆடுபவருக்கும் அந்தக் கிரகம் மீளும். பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து கதையை நகர்த்துகிறார். மலெவலான் க்ரீக் என்ற கிரகத்தை ரோபோக்கள் பிடித்துக்கொண்டன. வேறு எங்கே போகச் சொன்னாலும் கேட்காமல் ஒரு கூட்டம் அங்கேயே செத்துச் செத்து விழுந்தது. ஏப்ரலில் அந்தக் கிரகம் மீட்கப்பட்டபோது கம்பெனியே ஒரு நினைவு நாள் அறிவித்து, எல்லோருக்கும் ஒரு மேலங்கி கொடுத்தது.

பிறகு ஒருமுறை தேர்வு வைத்தார்கள். ஒரு கிரகத்துக்குப் போனால் டாங்கியைத் தகர்க்கும் கண்ணிவெடி எல்லோருக்கும் கிடைக்கும். இன்னொன்றுக்குப் போனால் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றலாம், பரிசு ஒன்றும் கிடையாது. குழந்தைகள் என்பது திரையில்கூட வராத வெறும் எழுத்து. ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதைப் பார்த்த ஆரோஹெட், 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்புக்கு நிஜப் பணமே நன்கொடையாகக் கொடுத்தது.

இதே ஊர்தான் 2024 மே முதல் வாரத்தில் சோனியையும் மண்டியிட வைத்தது. கம்ப்யூட்டரில் ஆடுபவர்களும் இனி பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று திடீர் உத்தரவு வந்தது. பிலிப்பைன்ஸ் உட்படப் பல நாடுகளில் அப்போது அப்படி ஒரு கணக்கே தொடங்க முடியாமல் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினால் எப்படி? ஒரு வார இறுதிக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல் மோசமான ரிவ்யூக்கள் குவிந்தன. 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்பனை நின்றது. மூன்றே நாளில் சோனி பின்வாங்கியது.

கைதட்டுவதோடு நிறுத்திவிட முடியவில்லை. ரிவ்யூவால் அடிப்பது சுலபம் என்று தெரிந்த பிறகு, துப்பாக்கியின் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அடி, ஒரு கதாபாத்திரத்தின் நிறம் பிடிக்கவில்லையென்றாலும் அடி என்று ஆகிவிட்டது. தன் ஊழியர்களுக்கு மிரட்டல்கள் வருவதைப் பற்றி ஆரோஹெட்டை நிறுவியவர்களில் ஒருவரான யோஹான் பிலெஸ்டெட்டே பேச வேண்டி வந்தது. 2014-ல் 'கேமர்கேட்' என்ற பெயரில், கேம் உருவாக்கும் பெண்களை வீட்டைவிட்டே ஓடவைத்த கூட்டமும் கேமர்கள் என்ற அடையாளத்தில்தான் வந்தது. வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். தமிழ் ஸ்குவாட் ஒன்றில், அதாவது சேர்ந்து ஆடும் அணியில், ஒரு பெண் குரல் கேட்டால் என்ன நடக்கும் என்று ஆடுபவர்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் நிமிடம் 'கேர்ளா ப்ரோ?' என்ற விசாரணை. இரண்டாவது நிமிடம் இன்ஸ்டா ஐடி. கொடுக்கவில்லையென்றால் மூன்றாவது நிமிடத்தில் வரும் வார்த்தைகளை இங்கே அச்சிட முடியாது. நன்றாக ஆடும் பெண்கள் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் ஆடுகிறார்கள். ஆட்டத்தில் ஒருவன் அசிங்கமாகப் பேசும்போது மற்ற இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டு துப்பாக்கியும் தோட்டாவும் பொறுக்கிக்கொண்டிருப்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய அசிங்கமாகத் தெரிகிறது. சர்வர் விதிகளைக் கண்டிப்பாக நடத்தும் டிஸ்கார்ட் குழுக்களில் இந்த நாற்றம் வெகுவாகக் குறைவு. ஊரை யாராவது பெருக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

ஒரே இரவில் காலியான ஊர்

ஊர் காலியாவது எப்படி இருக்கும் என்று இந்தியர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். 2020 செப்டம்பர் 2-ம் தேதி, சீன எல்லைப் பதற்றத்தை ஒட்டி, பப்ஜி மொபைலை மத்திய அரசு தடை செய்தது. போனில் அதை ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். அக்டோபர் 30-ம் தேதி சர்வரே நின்றது. ஊரடங்கு காலத்தில் பலருக்கு நண்பர்களோடு பேச இருந்த ஒரே இடம் அந்த கேமின் லாபி, அதாவது ஆட்டத்துக்கு முன் கூடும் அறை. அடுத்த வருடம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. தேசப் பாதுகாப்பு என்றால் அரசுக்கு அதன் நியாயம் இருக்கலாம். ஆனால் லெவல், உடை, நண்பர் பட்டியல் என்று சேர்த்ததற்கெல்லாம் எந்த உறுதியும் இல்லை என்பது அந்த மூன்று வருடத்தில் நன்றாகவே புரிந்தது.

இங்கே ஒரு சின்ன ஆதங்கம். தமிழ் செய்திகளில் 'ஆன்லைன் கேம்' என்றாலே ரம்மிதான். உயிரைக் குடித்த அந்தச் சூதாட்டத்தைத் தடை செய்யத் தமிழக அரசு 2022-ல் சட்டம் கொண்டு வந்ததும், 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் கேம்களை மத்திய அரசு மொத்தமாகத் தடை செய்ததும் தேவையானவையே. அதே மத்தியச் சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. சட்டம் பிரித்துவிட்டது, தலைப்புச் செய்திகள் இன்னும் பிரிக்கவில்லை.

அரசு தடை செய்யாமலே, கம்பெனி தானாக அணைப்பதுதான் வழக்கமான சாவு. அதில் உலகத்தையே உலுக்கியது 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட கார் ஓட்டும் கேம். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கியிருந்தார்கள். நியூயார்க்கில் கிளம்பினால் முக்கால் மணி நேரம் போல ஓட்டி லாஸ் ஏஞ்சலஸ் சேரலாம். பாலைவனம், பனிமலை, கோதுமை வயல் என்று பாட்டு கேட்டுக்கொண்டே தனியாக ஓட்டுவதற்கென்றே அதை வாங்கியவர்கள் உண்டு. ஆனால் தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் இணைப்பு வேண்டும் என்று கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31-ம் தேதி சர்வர் நின்றது. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் ஆட்டம் முடிந்தது. அதோடு விடவில்லை, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அந்த கேமின் உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள்.

கலிஃபோர்னியாவில் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். நீங்கள் வாங்கியது கேமை அல்ல, விளையாடுவதற்கான உரிமத்தை மட்டுமே என்பது யூபிசாஃப்டின் பதில். வழக்குப் போட்டவர்கள் கேம் பெட்டியைத் திருப்பிக் காட்டினார்கள். உள்ளே இருந்த ஆக்டிவேஷன் கோடு 2099 வரை செல்லும் என்று அச்சிட்டிருந்தது.

கோடு செல்லும், கேம்தான் செல்லாது!

இந்த வழக்குக்கு முன்பே, 'தி க்ரூ' அணைந்த கையோடு 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் வந்துவிட்டது. தொடங்கியவர் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர். பழைய கேம்களைக் கிண்டலும் பாசமுமாகப் பேசும் சேனல் அவருடையது. வழக்கறிஞரும் அல்ல, அரசியல்வாதியும் அல்ல. ஐரோப்பிய யூனியனில் ஒரு விதி உண்டு: 10 லட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டால் ஐரோப்பிய ஆணையம் அந்தக் கோரிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பல மாதம் கையெழுத்து மந்தமாகவே ஏறியது. ஒரு பிரபல ஸ்ட்ரீமர் இந்த இயக்கத்தைத் தாக்கிப் பேசியதே பழைய கதை ஆகிவிட்ட நேரத்தில், 2025 ஜூனில் ஸ்காட் அதற்குப் பதில் சொல்லி ஒரு வீடியோ போட்டார். 'தோற்றுவிட்டோம் போலிருக்கிறது' என்கிற தொனி அதில் இருந்தது. அதுதான் பற்றிக்கொண்டது. பெரிய யூடியூபர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையிலெடுத்தார்கள். ஜூலை 3-ம் தேதி 10 லட்சம் தாண்டியது, மாதக் கடைசியில் ஏறத்தாழ 14 லட்சம். பிரிட்டனில் தனியாக ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்து, நவம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை விவாதித்தார்கள்.

கோரிக்கை என்ன என்பதைப் பலரும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். காலம் முழுக்க சர்வரை ஓட்டு என்று யாரும் கேட்கவில்லை. நஷ்டத்தில் எந்த வியாபாரியும் கடை நடத்த மாட்டான். மூடும்போது, விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்பதுதான் மொத்தமும். ஒன்று, இணையமில்லாமல் ஓடும்படி ஒரு கடைசி அப்டேட் கொடு. இல்லையா, ரசிகர்கள் தாங்களே சர்வர் நடத்த வழிவிடு.

ஐரோப்பிய கேம் கம்பெனிகளின் சங்கமான 'வீடியோ கேம்ஸ் யூரோப்' இதை எதிர்க்கிறது. ரசிகர் சர்வர்களில் பாதுகாப்பு இருக்காது, சட்டவிரோதமாக ஏதாவது நடந்தால் பழி எங்கள் தலையில் விழும், செலவு எகிறும் என்கிறார்கள். செலவு பற்றிய கவலையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பத்து கம்பெனிகளின் மென்பொருளை ஒட்டவைத்துக் கட்டிய சர்வரை, கடைசி நாளில் பிரித்து ஊருக்குக் கொடுப்பது சுலபமல்ல. முதல் நாளே அதற்குத் திட்டமிட்டுக் கட்டினால் சுலபம். பாதுகாப்பு வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்'.

ஆளாளுக்கு ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்கி ஊரைக் காக்கும் அந்த கேம் 2004-ல் தொடங்கி, 2012 நவம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கான ஹீரோக்கள் கேமுக்குள்ளேயே தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். அதை நடத்திய என்சிசாஃப்ட் கம்பெனி மசியவில்லை. 2019-ல் ஒரு ரகசியம் உடைந்தது. வருடக்கணக்காகச் சிலர் மட்டும் ஒளித்து ஒளித்து அந்த கேமை ஒரு தனி சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்! தெரிய வந்ததும் மற்ற ரசிகர்கள் கொதித்தார்கள், அந்த சர்வரின் மென்பொருள் கோடு வெளியே கசிந்தது, 'ஹோம்கமிங்' என்ற ரசிகர் சர்வர் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. நன்கொடை வாங்கித்தான் செலவு. புதிய கதைகளையும் தாங்களே எழுதிச் சேர்க்கிறார்கள். 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறைப்படி உரிமமே கொடுத்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை.

ஐஸ்லாந்தின் சிசிபி கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்களின் 'ஈவ் ஆன்லைன்' கேமில் 2008 முதல் ஆடுபவர்களே ஓட்டுப் போட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களை ரெய்க்யவிக் நகருக்கே வரவழைத்துப் பேசுகிறது கம்பெனி. கம்பெனி ஊழியர் ஒருவர் வேண்டிய கோஷ்டிக்குச் சலுகை காட்டிய ஊழல் வெடித்த பிறகு வந்த ஏற்பாடு அது. 2003-ல் வந்த கேம், இன்றும் ஓடுகிறது.

'தி க்ரூ' என்ன ஆனது? கேம் அணைவதற்கு முன்பே, அது சர்வரோடு என்ன பேசுகிறது என்பதைச் சில ரசிகர்கள் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். அதை வைத்துத் தாங்களே எழுதிய சர்வர் மென்பொருளை 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற பெயரில் 2025 செப்டம்பரில் வெளியிட்டார்கள். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு மறுபடி சாலை திறந்தது. அடுத்த மாதமே யூபிசாஃப்டும் 'தி க்ரூ 2'-க்கு ஒரு அப்டேட் விட்டது. சேர்த்து வைத்ததைத் தன் கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொண்டு, இணைய இணைப்பு இல்லாமல் ஓட்டலாம். அதே கம்பெனி, அதே வரிசை கேம். முதல் பாகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு மட்டும் யூபிசாஃப்ட் அந்த வசதியைச் செய்து தரவில்லை. அவர்கள் ரசிகர்களின் சர்வரில்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.